பிஸ்கட் கொடுத்தது யார்? ரசிகப் பேச்சு, வன்முறை, குழந்தை

1

2023 ஜூன் முதல் வாரம். ஐபிஎல் முடிந்துவிட்டது. அகமதாபாத்தில் மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், நள்ளிரவைத் தாண்டி, இரண்டு பந்தில் பத்து ரன் என்ற நிலையில் ஜடேஜா ஒரு சிக்சரும் ஒரு ஃபோரும் அடித்து, சென்னை அணி ஐந்தாம் முறையாகக் கோப்பை வாங்கிய அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச வேண்டியதையெல்லாம் பேசித் தீர்த்தாகிவிட்டது. விழுப்புரம் பக்கம் நான் வழக்கமாகப் போகும் டீக்கடை பெஞ்சில் ஒரு வறட்சி. ஆட்டம் இல்லை. ஆனால் ஆட்கள் இருக்கிறார்கள், டீ இருக்கிறது. பேச்சு இருந்தாக வேண்டும்.

வெயில் காரணமாகப் பள்ளி திறப்பு தள்ளிப்போயிருந்த நாட்கள் அவை. கடைக்காரரின் பையன், பத்து வயதிருக்கும், கிளாஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். பேச்சு மறுபடியும் அந்தக் கடைசிப் பந்துக்குத் திரும்பியபோது, அதை வீசிய பந்துவீச்சாளரைப் பற்றி, அவர் வீட்டுப் பெண்களை இழுத்து, பையன் ஒரு வாக்கியம் சொன்னான். அதை இங்கே எழுதப் போவதில்லை. அவன் சொந்தச் சரக்கும் இல்லை அது. அதே பெஞ்சில் முந்தின வாரம் கேட்டதுதான். பெஞ்சே அதிர்ந்து சிரித்தது. நானும் சிரித்தேன். "பாத்தியா, பொடிப்பய எப்டி டைமிங்கா அடிக்கிறான்" என்று பெரியவர் ஒருவர் கண்ணாடி ஜாடியைத் திறந்து ஒரு பிஸ்கட் எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

கால்மணி நேரம் போயிருக்கும். அதே பெரியவர், தன் பேரன் பிளாஸ்டிக் மட்டையால் தங்கச்சி மண்டையில் அடித்துவிட்டதைச் சொல்ல ஆரம்பித்தார். "எல்லாம் இந்த செல்லுதாங்க. எந்நேரமும் சுடுறது, வெட்டுறது. பாத்துப் பாத்து புள்ளைங்க கெட்டுப்போச்சு." பெஞ்ச் உயிர் பெற்றது. சினிமாதான் காரணம் என்றார் ஒருவர். கதாநாயகன் அரிவாளோடு வந்தால் விசில் அடிக்கிறோம், அதைப் பார்க்கிற பிள்ளை என்ன செய்யும் என்றார். இன்னொருவர் மறுத்தார்: "நாங்களும் எம்ஜிஆர் கத்திச் சண்ட பாத்துதான் வளந்தோம். யாரக் குத்திட்டோம்?" அரசாங்கம் தடை செய்ய வேண்டும் என்று ஒரு குரல். பெற்றோர் கவனிக்கவில்லை என்று ஒரு குரல். முக்கால் மணி நேரம் ஓடியது. நானும் எனக்குத் தெரிந்த இரண்டு பெயர்களை உதிர்த்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. குழந்தைகள் மீது வன்முறையின் பாதிப்பு பற்றி நாங்கள் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறோம். அதற்குக் கால்மணி நேரம் முன்னால், அதே இடத்தில், ஒரு குழந்தைக்கு வன்முறையைக் கற்றுக்கொடுத்து, நன்றாகக் கற்றுக்கொண்டதற்குப் பரிசும் கொடுத்திருக்கிறோம். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று பெஞ்சில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

2

ஆட்டமில்லாக் காலத்து ரசிகப் பேச்சை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். இத்தாலியக் குறியியலாளர் உம்பர்த்தோ எக்கோ 1969இல் விளையாட்டு அரட்டை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் விளையாட்டை அடுக்கடுக்காகப் பிரிக்கிறார். ஒருவன் தானே ஓடுவது, எறிவது முதல் அடுக்கு. அடுத்தவன் ஆடுவதை உட்கார்ந்து பார்ப்பது இரண்டாவது. பார்த்ததைப் பற்றிப் பேசுவது மூன்றாவது. பத்திரிகைகள் பேசியதைப் பற்றிப் பேசுவது அதற்கும் மேலே. மேலே போகப்போக உடம்பு மறைந்து பேச்சு மட்டும் மிஞ்சுகிறது. இந்தப் பேச்சு அரசியல் பேச்சின் அத்தனை சாயல்களையும் கொண்டிருக்கிறது என்பது எக்கோவின் முக்கியமான அவதானிப்பு. தலைமையை விமர்சிக்கலாம், தேர்வுக் குழுவைச் சாடலாம், மாற்றுத் திட்டம் முன்வைக்கலாம். நகராட்சியைப் பற்றியோ மந்திரியைப் பற்றியோ செலவழிக்க வேண்டிய தீர்ப்புச் சக்தி முழுவதும், யாருக்கும் எந்த விளைவும் இல்லாமல், இங்கே செலவாகிவிடுகிறது.

சீசன் முடிந்த மாதங்கள் எக்கோவின் தர்க்கத்துக்குத் தூய உதாரணம். பேசுவதற்கு ஆட்டமே கிடையாது. தோனி அடுத்த வருஷம் ஆடுவாரா என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 நவம்பரில், இதுதான் மஞ்சள் சட்டையில் கடைசி ஆட்டமா என்று டாஸ் போடும் இடத்தில் கேட்டதற்கு 'டெஃபனட்லி நாட்' என்று இரண்டே சொல்லில் பதில் சொன்னார். அன்றிலிருந்து சீசனுக்கு சீசன் அந்த இரண்டு சொல்லுக்குப் பொழிப்புரை, பதவுரை, விளக்கவுரை எழுதிக்கொண்டிருக்கிறது தமிழ்ச் சமூகம். எம்.ஏ. தமிழ் வகுப்பில்கூட ஒரு பிரதிக்கு இத்தனை உரை நான் பார்த்ததில்லை.

குழந்தைகளும் ஊடக வன்முறையும் என்ற விவாதம் அன்று எங்கள் பெஞ்சில் இதே வடிவத்தில்தான் நடந்தது. பக்கம் இரண்டு: ஊடகம் ஒரு பக்கம், குழந்தை ஒரு பக்கம். பார்வையாளர்கள் நாங்கள். எல்லோரும் அம்பயராக நின்றோம். ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லை. செல்போன் கம்பெனி குற்றவாளி, சினிமாக்காரன் குற்றவாளி, பெற்றோர் குற்றவாளி என்று சொன்ன யாரும், பெற்றோராக இருந்தவர்கள் உட்பட, தன்னைச் சேர்த்துச் சொல்லவில்லை. ஆட்டம் இல்லாத நாளில் குழந்தை எங்களுக்குப் பந்தாகக் கிடைத்தது.

ஆனால் ஓரிடத்தில் எக்கோவிடமிருந்து நான் விலக வேண்டியிருக்கிறது. இந்த அரட்டையை அவர் வெற்றுப் பேச்சாக, அரசியலின் இடத்தை அடைத்துக்கொள்ளும் போலியாகப் பார்க்கிறார். நமது சூழலில் அது வெற்றாக இல்லை. சாதியும் ஆண்மையும் மதமும் நிரம்பி வழிகிறது. போலி அரசியல் என்று ஒதுக்கிவிட முடியாத அசல் அரசியல் அது.

3

குழந்தைகளைப் பற்றிய இந்தப் பதற்றத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஒவ்வொரு தலைமுறையும் அப்போது புதிதாக வந்த ஊடகத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறது. அமெரிக்காவில் சினிமா பரவியபோது, பேன் நிதியத்தின் உதவியோடு நடந்த ஆய்வுகள் 1933இல் நூல்களாக வந்தன; சினிமா பிள்ளைகளை என்ன செய்கிறது என்பதே கேள்வி. 1954இல் காமிக்ஸ். மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம், காமிக்ஸ் புத்தகங்களே சிறார் குற்றத்துக்குக் காரணம் என்று ஒரு நூல் எழுதினார். செனட் துணைக்குழு விசாரித்தது. பயந்துபோன பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதி போட்டுக்கொண்டார்கள். வெர்தாம் தன் நோயாளிகள் சொன்னதைத் திரித்தும் கூட்டியும் குறைத்தும் எழுதியிருந்தார் என்பதை, அவருடைய ஆவணங்களைப் படித்த கரோல் டில்லி என்ற ஆய்வாளர் 2012இல் வெளிப்படுத்தினார். இத்தனைக்கும் வெர்தாம் வில்லன் அல்ல. நியூயார்க்கின் ஹார்லமில் ஏழைக் கறுப்பின மக்களுக்காக மனநல மருத்துவமனை நடத்தியவர். நல்ல நோக்கம் ஒருவரைத் தவறான ஆதாரத்திடம் கொண்டுபோய் விடும் என்பதற்கு அவர் சாட்சி.

1990களில் வீடியோ கேம். சிறுவர்களுக்கு வன்முறை கேம் விற்கக்கூடாது என்று கலிபோர்னியா போட்ட சட்டத்தை, 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் ரத்து செய்தது. குழந்தைகளுக்கு நாம் சொல்லும் தேவதைக் கதைகளிலேயே ரத்தம் போதுமான அளவுக்கு இருக்கிறது என்பதையும் தீர்ப்பு சுட்டியது. நம் பக்கம், 1997இல் தூர்தர்ஷனில் சக்திமான் வந்தபோது, பிள்ளைகள் அதைப் பார்த்து மாடியிலிருந்து குதிக்கிறார்கள் என்ற பேச்சு நாடு முழுக்கப் பரவியது. 2020 செப்டம்பரில் பப்ஜி தடை வந்தபோது பல பெற்றோர் அதைத் தங்கள் வெற்றியாக எடுத்துக்கொண்டார்கள். அரசு சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு, குழந்தைகள் அல்ல.

பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன் 1972இல் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார். ஒழுக்கப் பீதி என்று தமிழில் சொல்லலாம். சமூகம் தன் கலக்கத்தை ஒரு உருவத்தின் மேல் ஏற்றி, அதை அடித்து ஆறுதல் அடைவது. இத்தோடு நிறுத்திக்கொண்டு, எல்லாம் பீதிதான், திரை ஒன்றும் செய்வதில்லை என்று முடித்துவிட்டால் நமக்குச் சௌகரியம். ஆனால் அதுவும் சரியில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் வெளியிட்ட தீர்மானம் இரண்டையும் சொல்கிறது: வன்முறை கேம்களுக்கும் கத்துவது, தள்ளுவது போன்ற மூர்க்கத்துக்கும் சிறிய அளவில் தொடர்பு தெரிகிறது, ஆனால் கொலை, துப்பாக்கிச்சூடு போன்றவற்றை அவற்றின் தலையில் கட்டப் போதிய ஆதாரம் இல்லை. ஆக, ஏதோ நடக்கிறது. அது எப்படி நடக்கிறது?

4

அன்று பெஞ்சில் நான் உதிர்த்த இரண்டு பெயர்களில் ஒன்று ஆல்பர்ட் பண்டூரா. இந்த விவாதம் வரும்போதெல்லாம் எடுத்துக்காட்டப்படும் பொம்மைச் சோதனைகளைச் செய்தவர். திரையில் பார்த்ததைக் குழந்தை அப்படியே செய்யும் என்று நிரூபித்தவராகவே அவர் நமக்கு அறிமுகம். நானும் அப்படித்தான் சொன்னேன். திரும்பப் படித்தபோது சோதனைகள் வேறொன்றைச் சொல்கின்றன.

1961இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் 72 குழந்தைகளோடு முதல் சோதனை. காற்றடைத்த பொம்மை, நம் தலையாட்டி பொம்மை மாதிரி, அடித்தால் சாய்ந்து மறுபடி நிமிரும். ஒரு பிரிவுக் குழந்தைகளின் முன்னால் பெரியவர் ஒருவர் அந்தப் பொம்மையைச் சுத்தியலால் அடிக்கிறார், உதைக்கிறார், கத்துகிறார். பிறகு குழந்தைகளைத் தனியாக விட்டபோது அவர்களில் பலர் அதே அடி, அதே வசனம். கவனிக்க வேண்டியது: இதில் திரையே இல்லை. எதிரே நின்றவர் ரத்தமும் சதையுமான பெரியவர். சினிமாவும் கார்ட்டூன் வேஷமும் 1963 சோதனையில்தான் சேர்கின்றன.

இன்னொன்று. அடித்தவர் பெண்ணாக இருந்தபோது, பெண்பிள்ளை இப்படியெல்லாம் செய்யலாமா என்ற அர்த்தத்தில் சில குழந்தைகள் சொன்னதை ஆய்வாளர்களே பதிவு செய்திருக்கிறார்கள். இந்தச் சிறு பதிவு முக்கியம். மூன்று வயதிலிருந்து ஐந்தே முக்கால் வயது வரையான அந்தக் குழந்தைகள் வெற்றுப் பலகைகளாக அந்த அறைக்குள் வரவில்லை. யார் அடிக்கலாம், யார் அடிக்கக்கூடாது என்ற இலக்கணத்தை வீட்டிலேயே படித்துவிட்டு வந்திருந்தார்கள். அவர்கள் வன்முறையைப் பார்க்கவில்லை, வாசித்தார்கள்.

மூன்றாவது சோதனை 1965இல் வெளியானது. என் வாதத்துக்கு அதுதான் அச்சாணி. 66 குழந்தைகளுக்கு ஒரே படம், மூன்று முடிவுகள். ஒன்றில் பொம்மையை அடித்தவரை இன்னொருவர் பாராட்டி மிட்டாயும் குளிர்பானமும் தருகிறார். ஒன்றில் திட்டும் அடியும் கிடைக்கின்றன. ஒன்றில் எதுவும் நடப்பதில்லை. தண்டனையைப் பார்த்த குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே அடித்தார்கள். இதோடு முடிந்திருந்தால் சாதாரணச் செய்தி. அடுத்து ஆய்வாளர்கள், பார்த்ததைச் செய்துகாட்டினால் பழச்சாறும் ஒட்டுப்படமும் தருவோம் என்றார்கள். மூன்று குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு மறைந்துவிட்டது. எல்லோரும் கற்றுவைத்திருந்தார்கள். ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் இருந்த இடைவெளியும் பெருமளவு சுருங்கியது. யாருக்கு எது தெரியும் என்பதில் வித்தியாசம் அதிகமில்லை. எது செல்லுபடியாகும் என்பதில்தான் வித்தியாசம்.

இந்தச் சோதனைகளை விமர்சிக்க நிறைய இருக்கிறது. அடிப்பதற்கென்றே செய்த பொம்மையை அடிப்பது வன்முறையா? ஒரு பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளை வைத்து உலகத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேசலாமா? கேட்கத்தான் வேண்டும். ஆனாலும் அவை திறந்துவிடும் கேள்வி நமக்குப் போதும். குழந்தை எதைப் பார்த்தது என்பது பாதிக் கேள்வி. அந்தக் கேள்வியின் மறுபாதி, மிட்டாய் யார் கையில் இருந்தது என்பது.

எங்கள் பெஞ்சில் அது பிஸ்கட்டாக இருந்தது. என் பங்குக்கு நான் கொடுத்தது சிரிப்பு.

5

இது ஒரு டீக்கடை விவகாரம், இதற்கு இவ்வளவு தத்துவமா என்று தோழர்கள் கேட்கக்கூடும். இதே சிரிப்பு போய்ச் சேர்ந்த சில இடங்களைச் சொல்கிறேன்.

2020 அக்டோபரில் அபுதாபியில் கொல்கத்தாவிடம் சென்னை அணி பத்து ரன்னில் தோற்றது. அதன்பின் தோனியின் ஐந்து வயது மகள் மீது பாலியல் வன்முறை செய்வதாக இணையத்தில் மிரட்டல் வந்தது. அதற்காக போலீஸ் பிடித்தது குஜராத்தைச் சேர்ந்த 16 வயது மாணவனை. சட்டப்படி அவனும் குழந்தை. ஒரு குழந்தை இன்னொரு குழந்தையை மிரட்டியிருக்கிறது. எந்தக் கேமில் இதைப் பார்த்தான்? அவனைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லப்போவதுமில்லை. ஆனால் தோற்றவனின் வீட்டுப் பெண்ணை இழுப்பது என்ற வாக்கிய அமைப்பு எங்கிருந்து வந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். 2015 உலகக்கோப்பை அரையிறுதியில் கோலி ஒரு ரன்னில் அவுட்டானபோது திட்டு வாங்கியவர், பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த அனுஷ்கா சர்மா. 2021இல் பாகிஸ்தானிடம் தோற்றபோது முகமது ஷமியை அவர் மதத்தைச் சொல்லித் திட்டினார்கள். அவருக்காகப் பேசிய கோலியின் பத்து மாதக் குழந்தைக்கு மிரட்டல் வந்தது. அதில் கைதானவர் படித்து வேலை பார்த்த பெரியவர். பதினாறு வயதில் ஒருவர், இருபதுகளில் ஒருவர். வாக்கியம் ஒன்றுதான்.

அதே ஆண்டு ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் மகளிர் ஹாக்கி அரையிறுதியில் இந்தியா அர்ஜென்டினாவிடம் தோற்றது. ஹரித்வார் அருகே வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் ஆதிக்க சாதியினர் பட்டாசு வெடித்து ஆடி, அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோல்வி என்று சாதிப் பெயர் சொல்லி வசை பாடியதாக அவர் குடும்பம் புகார் கொடுத்தது, கைதும் நடந்தது. தன் நாடு தோற்றதற்குப் பட்டாசு வெடிக்கும் ரசிகர்கள். அன்று அவர்களுடைய அணி எது?

2020 ஊரடங்கில் ஆட்டமே இல்லாமல் கிரிக்கெட் வீரர்கள் இன்ஸ்டாகிராமில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்படியொரு அரட்டையில் யுவராஜ் சிங் சக வீரர் ஒருவரைக் கிண்டல் செய்ய ஒரு தலித் சாதியின் பெயரைப் பயன்படுத்தினார். எதிர்ப்பு வந்தபின் வருத்தம் தெரிவித்தார். அரியானாவில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. இதில் வன்மம் எதுவும் இல்லை, நண்பர்களுக்குள் சும்மா விளையாட்டுப் பேச்சு என்று வாதிட்டவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது ஒருவகையில் உண்மை. வன்மம் தேவைப்படாத அளவுக்குச் சாதி மொழிக்குள் குடியிருக்கிறது. சும்மா சொல்லும்போதுதான் அது தன் முழு வடிவத்தில் வெளிப்படுகிறது.

தொலைக்காட்சி வன்முறையைப் பல ஆண்டுகள் எண்ணி ஆராய்ந்த ஜார்ஜ் கெர்ப்னர் சொன்ன விஷயம் இங்கே பொருந்துகிறது. அன்று நான் உதிர்த்த இரண்டாவது பெயர் அவருடையது. திரை வன்முறை முதலில் கற்றுக்கொடுப்பது அடிப்பதை அல்ல, அதிகாரத்தை என்றார் அவர். யார் யாரை என்ன செய்துவிட்டுத் தப்பிக்கலாம், யார் அடிவாங்கவே படைக்கப்பட்டவர் என்ற வரிசையை அது கற்றுத்தருகிறது. டீக்கடை பெஞ்சும் இதைத்தான் கற்றுத்தருகிறது. கூடவே சிரிப்பும் உண்டு என்பதால் பாடம் சீக்கிரம் ஏறுகிறது.

6

அப்படியென்றால் கிண்டலே கூடாதா? பிள்ளைகள் கண்ணில் வன்முறையே படக்கூடாதா? இரண்டுக்கும் என் பதில் இல்லை என்பதுதான்.

எங்கள் பகுதியில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்தின் முடிவில் துரியோதனன் படுகளம் நடக்கும். தரையில் களிமண்ணால் மிகப் பெரிய துரியோதனனை மல்லாக்கப் படுக்கவைத்திருப்பார்கள். பீமன் வேஷக்காரர் கதையோடு சுற்றிச் சுற்றி வந்து தொடையில் அடிப்பார். ரத்தமும் காட்டுவார்கள். ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் முன்வரிசையில் இருப்பார்கள். அப்பா தோளில் உட்கார்ந்து நானும் பார்த்திருக்கிறேன். பண்டூராவின் பொம்மையைவிடப் பல மடங்கு பெரிய பொம்மை, பல மடங்கு உக்கிரமான அடி. ஆனால் அடி விழுந்ததோடு அங்கே முடிவதில்லை. செத்தவனுக்காக ஒப்பாரி உண்டு. எதிரியின் தாய்க்கும் அந்தக் களத்தில் அழ இடமிருக்கிறது. அடியையும் அழுகையையும் சேர்த்தே குழந்தை பார்க்கிறது. அதே கூத்தில் கட்டியங்காரன் துரியோதன மகாராஜாவையே ஓட்டுவான், ஊர்ப் பெரிய மனிதரையும் விடமாட்டான். கிண்டல் அங்கே கீழிருந்து மேலே போகிறது. கூத்தைப் புனிதப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அங்கேயும் பெண்ணை மட்டம் தட்டும் வசனங்கள் ஏராளம். வன்முறையையும் நையாண்டியையும் குழந்தைகளுக்கு முன்னால் வைப்பதற்குப் பல வழிகள் உண்டு என்பதுதான் நான் சொல்ல வருவது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், நகை பிறக்கும் இடங்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காகச் சொல்கிறது. எள்ளலுக்கு உரை எழுதும் பேராசிரியர் அதை இரண்டாகப் பிரிக்கிறார்: தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தானும் நகுவது இன்னொன்று. நண்பர்களுக்குள் ஓட்டுவதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. ஓட்டப்படுகிறவர் அதே பெஞ்சில் உட்கார்ந்து, தானும் சிரித்து, திருப்பியும் ஓட்ட முடியுமா? மும்பை ரசிகனைச் சென்னை ரசிகன் ஓட்டலாம். அடுத்த வருஷம் அவன் திருப்பிக் கொடுப்பான். இதில் ஒரு ஜனநாயகமும் இருக்கிறது. இரட்டைக் குவளை வைத்திருந்த ஊர்களில், சேரிப் பையனும் ஊர்ப் பையனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கலாய்ப்பது சின்ன விஷயம் இல்லை. அதை இழக்க நான் தயாராக இல்லை. ஆனால் பந்துவீச்சாளரின் வீட்டுப் பெண்கள் அந்த பெஞ்சுக்கு வர முடியாது. வந்தனாவின் குடும்பம் வாசலில் வெடித்த பட்டாசுக்குச் சிரிக்க முடியாது. எள்ளலின் இரண்டாம் பாதி இல்லாதபோது மிஞ்சுவது தாக்குதல் மட்டுமே.

அன்று எங்கள் கடையில் எள்ளலோடு இளமையும் சேர்ந்துகொண்டது. கெட்ட வார்த்தை பிஞ்சு வாயில் வந்ததால் அது எங்களுக்கு இரட்டை நகை. அவன் குழந்தைத்தனத்தை எங்கள் வசைக்கு உறையாகப் போட்டுக்கொண்டோம்.

கூட்டம் வேறு மாதிரியும் கற்றுக்கொடுக்கும். 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் டெண்டுல்கர் 136 எடுத்தும் இந்தியா 12 ரன்னில் பாகிஸ்தானிடம் தோற்றது. மைதானத்தைச் சுற்றி வந்த பாகிஸ்தான் அணிக்கு அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அன்று அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள், எதிரிக்கும் மிட்டாய் கொடுக்கலாம் என்று கற்றிருப்பார்கள். 2023 அக்டோபர் 14 அன்று அகமதாபாத்தில், அவுட்டாகித் திரும்பிய பாகிஸ்தான் வீரர் ரிஸ்வானை நோக்கி மத முழக்கம் எழுப்பியது கூட்டத்தில் ஒரு பகுதி. அங்கேயும் பிள்ளைகள் இருந்தார்கள். சேப்பாக்கத்துக்கு ஒளிவட்டம் போட வேண்டாம். எதிரணியைத் தட்டிக்கொடுத்த அதே நகரத்தின் பெஞ்சுகளிலும் எங்கள் கடை வாக்கியம் புழங்குகிறது. ஆனால் இரண்டு அரங்கங்களிலும் பிள்ளைகள் பார்த்தது கிரிக்கெட்தான். கற்றது கிரிக்கெட்டிலிருந்து அல்ல, பக்கத்து இருக்கையிலிருந்து.

7

ஊடக நிறுவனங்களை விட்டுவிடச் சொல்கிறேன் என்று இதை வாசிக்கக்கூடாது. ரத்தத்தை விற்றுக் காசு பார்ப்பவர்களிடம் கணக்கு கேட்டுத்தான் ஆக வேண்டும். வயது வரம்பு, தணிக்கை, விளம்பரக் கட்டுப்பாடு பற்றிய சண்டைகள் தொடரட்டும். ஆனால் அந்தச் சண்டை நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் நற்சான்றிதழாக மாறும் இடம் ஒன்று இருக்கிறது. திரையைக் காட்டிப் பேசும்போது கை வெளியே நீள்கிறது. தன்மை இடம் வாக்கியத்திலிருந்து கழன்றுகொள்கிறது. "புள்ளைங்க கெட்டுப்போச்சு" என்ற வாக்கியத்துக்குக் கெடுத்த எழுவாய் கிடையாது. பெஞ்சில் அன்று இரண்டு பேச்சுக்கும் தொடர்பு தோன்றாததன் காரணம் இந்த இலக்கணத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இரண்டு நாள் கழித்துத் தனியாக அந்தக் கடைக்குப் போனேன். பெஞ்சில் வேறு யாரும் இல்லை. பையன் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதே வாக்கியத்தை இன்னொரு முறை சொன்னான். இந்த முறை வேறு ஒரு ஆட்டக்காரரின் பெயரைப் போட்டிருந்தான், அமைப்பைக் கற்றுக்கொண்டுவிட்டான். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சிரிக்கவில்லை. "அவங்க அம்மா உன்ன என்னடா பண்ணாங்க?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் நின்றான். "எல்லாரும் சொல்றாங்கல்ல சார்" என்றான். "அன்னிக்கு நீங்ககூட சிரிச்சீங்க."

அதற்குப் பதில் சொல்ல என்னிடம் பண்டூராவும் இல்லை, எக்கோவும் இல்லை. ஆமாம், சிரித்தேன் என்றேன். அது தப்பு என்றும் சொன்னேன். பெரியவர் ஒருவர் தப்பை ஒத்துக்கொள்வதை அவன் அதற்குமுன் பார்த்திருப்பானா என்று தெரியவில்லை. கிளாசை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஒரு பெஞ்ச் முழுக்கச் சிரித்த சிரிப்புக்கு எதிரே ஒரு ஆளின் சிரிக்காத முகம் எத்தனை நாள் நிற்கும்? அடுத்த சீசனுக்குள் பெஞ்சில் இன்னும் இரண்டு முகங்களாவது தேவைப்படும்.